பேர் மறைத்து வந்த புகார்

தொட்டிச்செடி வளர்ப்பவர்களின் இணையக் குழுவுக்கு மருமகள்தான் அட்மின். நிறம், இனம் சொல்லி யாரையும் இழிவாக எழுதினால் ஒரு மாதம் வெளியே, விளையாட்டுக்குச் சொன்னேன் என்ற சாக்கெல்லாம் செல்லாது என்று விதி போட்டாள். புகார்களுக்குத் தீர்ப்புச் சொல்ல ஆள் கேட்டபோது, பஞ்சாயத்து என்றால் சோறு தண்ணி வேண்டாத மாமனார் முதல் ஆளாகக் கை தூக்கினார். வேண்டியவர், வேண்டாதவர் என்று தீர்ப்பு சாயக்கூடாது என்பதால், எழுதியவர் பெயரை மறைத்துத்தான் அனுப்புவாள்.

அன்று வந்த புகார் ஒரு நர்ஸம்மாவுடையது. போன வருடம், தொட்டியில் மண்ணை அழுத்தும் தன் கையைப் படம் போட்டிருந்தார். கீழே ஒருவர், "மண் எது, கை எதுன்னே தெரியலையே!" என்று எழுதியிருந்தார். "அந்த விதி எனக்கும் உண்டுன்னா இருக்கேன், இல்லேன்னா கிளம்புறேன்" என்றார் நர்ஸம்மா.

எழுதியவர் பெயரைப் பார்த்தாள் மருமகள். சாட்சாத் மாமனார்! வேறு ஆளுக்குத் தள்ளிவிடலாமா என்று யோசித்தாள். வீட்டில் நிம்மதி வேண்டும்தான். ஆனால் அந்த அம்மாள் இதை ஒரு வருடம் மனசிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாரே. முறை மாமனாருடையது, அவருக்கே அனுப்பினாள்.

மாமனாருக்கு எழுதத்தான் தெரியும், எழுதியதை நினைவில் வைக்கும் வழக்கம் கிடையாது. ஹாலிலிருந்தே கத்தினார்.

"ஏம்மா, இவனெல்லாம் நாலெழுத்து படிச்சவனா? அந்தப் பொண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்! தூக்கி வெளிய போடு!"

"போட்டுடலாமா மாமா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சொந்தக்காரனா இருந்தாலும் விடாதே."

அவள் பொத்தானை அழுத்தினாள். அடுத்த நொடி மாமனாரின் போனில், உங்கள் கணக்கு நிறுத்தப்பட்டது என்று வந்தது. பேயறைந்தவர் மாதிரி மருமகளைப் பார்த்தார்.

"நானா எழுதினேன்? சும்மா விளையாட்டுக்கு..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார். திட்டியதும் அதே வாய்தானே! பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. ஆனாலும் தடையை எடுக்கவில்லை.

"யார் மனசாவது புண்பட்டிருந்தா மன்னிக்கணும்னு எழுதிடேம்மா."

"யார் மனசோ இல்லையே மாமா. அந்த நர்ஸம்மா மனசு."

"சரி. எழுதினது நான், தப்பு, மன்னிச்சிருங்கன்னு அனுப்பு."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "நான் இருக்கேன். அவரும் மாசம் முடிஞ்சு வரட்டும். மன்னிக்கிறதை அப்போ பார்த்துக்கலாம்."

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமனார் போனை வாங்கி, மறுபடியும் மறுபடியும் படித்தார்.

"நியாயமான தீர்ப்புதான்," என்றார், இந்த முறை கத்தாமல்.