படிவப்படி பறந்த விமானம்

புலிகளின் விமானங்கள் குண்டு போடத் தொடங்கிய 2007இல் காகம் சற்றுத் தாழப் பறந்தாலே அண்ணாந்து பார்த்துப் பயந்தார்கள். அந்த வருடம் பார்த்துத்தான் நான் கலேவெலயில், அறுவடை முடிந்த வயலில், மூன்று வருடமாக ரெஜிபோம் நுரையட்டையில் செதுக்கிய ரிமோட் விமானத்தை முதல் தடவை விடப் போனேன். ரேடியோ திருத்துகிற ஒஸ்வல்டாகிய எனக்குப் புத்தி அவ்வளவுதான் என்று என் மனைவி டொறீன் இன்றைக்கும் சொல்கிறாள். விமானம் கையை விட்டுப் போகுமுன்பே பொலிஸ் ஜீப் வந்துவிட்டது.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் ஒரு படிவத்தோடு என் முன்னால் உட்கார்ந்தார். எல்கடுவத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் வேலை பார்த்தபோது பழகிய தோட்டத் தமிழ் அவருக்கு. விளையாட்டுச் சாமான் என்று நிரூபித்தால் நான் வீட்டுக்கு. இல்லாவிட்டால் விசாரணைக்குக் கொழும்புக்கு. அங்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை.

“இந்த ரெண்டு தட்டும் என்னா வேல செய்யுது?”

என் விமானத்துக்கு வால் கிடையாது. இறக்கையின் பின்னால் இரண்டு தட்டுகள், அவ்வளவுதான்.

“ரெண்டும் சேந்து தூக்குனா மேல ஏறும் சார். ஒண்ணு தூக்கி ஒண்ணு எறங்குனா திரும்பும். ரிமோட்டுல உள்ள ரெண்டு குச்சியோட கட்டளையையும் அதுவே கலந்து ரெண்டு தட்டுக்கும் அனுப்புது. அதுக்குப் பேருதான் மிக்ஸிங்.”

“ஒரு தட்டுக்கு ரெண்டு வேலயா? இங்க ஒரு கோடுதான் இருக்கு.”

எழுதினார்: இடது குச்சி, இடது தட்டு. வலது குச்சி, வலது தட்டு. அதில் மேலதிகாரி ஏ.எஸ்.பி.யின் கையெழுத்தையும் வாங்கிவிட்டார்.

மறுநாள் காலை ஏ.எஸ்.பி. முன்னால் பொலிஸ் மைதானத்தில் பறக்கவிட வேண்டும். கேட்டுக்கு வெளியே டொறீன் தேத்தண்ணிப் போத்தலோடு நின்றாள். ரிமோட்டில் மிக்ஸிங்கைப் போடப் போன என் கையைச் சார்ஜன்ட் பிடித்துக்கொண்டார்.

“படிவத்துல உள்ள மாதிரி இருக்கணும். ஐயா கையெழுத்து வச்சிட்டாரு.”

“அப்பிடி விட்டா பொரண்டுரும் சார்!”

“பொரளட்டும். எழுத்துல பிழ வரக்கூடாது.”

மிக்ஸிங் இல்லாமலே எறிந்தேன். குச்சியை இழுத்தால் ஒரு தட்டு மட்டும் தூக்கியது. விமானம் மல்லாந்து, பொலிஸ்காரர்களின் மரவள்ளிப் பாத்தியில் மூக்கைக் குத்தியது. ஏ.எஸ்.பி. கண்ணில் நீர் வரச் சிரித்தார். இதையா பிடித்து வந்தீர்கள், எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

சார்ஜன்ட் எழுதிய வாக்குமூலம் இரண்டே வரி. ‘நான் செய்த சாமான் பறக்காது. பறக்க வைக்கவும் எனக்குத் தெரியாது.’ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போட்டேன். ரிமோட்டை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

உடைந்த இறக்கையைச் சார்ஜன்ட் கேட் வரைக்கும் சுமந்து வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மிக்ஸிங் போட்டிருந்தா பறந்திருக்குந்தானே?”

அவர் முகத்தில் உண்மையான ஆசை இருந்தது. பறந்திருக்கும் என்று சொல்ல எனக்கும் நாக்குத் துடித்தது. டொறீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பறக்காது சார்” என்றேன். “நீங்கதானே எழுதுனீங்க.”