பஞ்சு வைத்த வாய்

என் கொழுந்தன் வாரத்துக்கு ஒரு பாடகரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறவன். எங்கள் பகுதியில் ஞாயிறுதோறும் வரும் நாலு பக்கப் பத்திரிகையில் ‘கடைசி வரிசை’ என்ற புனைபெயரில் இசை விமர்சனம் எழுதுகிறான். எழுதுவது யார் என்று அதன் ஆசிரியருக்கும் எங்கள் வீட்டுக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்திருந்தால் இந்நேரம் அவனுக்கே ஒரு பல் செட் செய்யவேண்டி வந்திருக்கும்.

பல் செட் செய்வதுதான் எங்கள் தொழில். மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் மெழுகு உருக்கும் அடுப்பும் பல் அடுக்கும் மேசையும். இன்னொன்றில் தேய்க்கிற மோட்டாரும், எவ்வளவு பெருக்கினாலும் தீராத வெள்ளைத் தூசியும். என் வீட்டுக்காரர் பல் டாக்டர்களிடம் நோயாளிகளின் வாய் அச்சை வாங்கி வருவார், முடிந்த செட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பார். அச்சோடு வருவது ஒரு நம்பர் மட்டும்தான். பேரும் தெரியாது, முகமும் தெரியாது. தெருவில் யாராவது சிரித்தால் நம்முடையதோ என்று உற்றுப் பார்ப்பதோடு சரி.

அச்சில் பிளாஸ்டரை ஊற்றினால் இறுகுவதற்குப் பத்து நிமிஷம் ஆகும். அதுவரை தொடக்கூடாது. அந்தப் பத்து நிமிஷம்தான் எங்களுக்கு இலக்கியக் கூட்டம். நான் நாவல் பைத்தியம், அவன் பாட்டுப் பைத்தியம். நான் படித்ததை அவனும் படித்தாக வேண்டும், அவன் கேட்டதை நானும் கேட்டாக வேண்டும். ஆனால் ஒரு சட்டம் உண்டு: பிளாஸ்டர் இறுகியதும் பேச்சும் நிற்க வேண்டும். கருத்து சொல்லிக்கொண்டே கருவியைப் பிடிக்கக்கூடாது. சட்டம் போட்டவள் நான்.

"அண்ணி, அந்த நாவல்ல முதல் நாப்பது பக்கம் மழையே பெய்யுது, எவ்வளவு அழகா இருக்கு!" என்பான்.

"நாப்பது பக்கம் மழை பெஞ்சா அது நாவல் இல்ல தம்பி, வானிலை அறிக்கை. எனக்கு அந்த வீட்டுல யாரு யாரோட பேசறதில்லைன்னு தெரியணும். மழையை நான் ஜன்னல்ல பார்த்துக்கிறேன்."

"உங்களுக்கு வம்புதான் வேணும்."

"பின்ன? வம்பு இல்லாத நாவலை எவன் ராத்திரி சோத்தைத் தீயவிட்டுட்டுப் படிப்பான்?"

அவனுடைய விமர்சனங்களைப் பற்றியும் எனக்குக் கருத்து உண்டு. பாட்டைப் பற்றி எழுதுகிறவரை நன்றாக எழுதுகிறான். பாடினவரின் மனசுக்குள் புகுந்து எழுத ஆரம்பித்தால் கெடுத்துவிடுகிறான். இதை அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சொல்லவில்லை. அன்று அவன் படித்துக் காட்டியதற்கு விழுந்து விழுந்து சிரித்தேன்.

நூலக மண்டபத்தில் ஓர் அம்மாள் பாடியதைப் பற்றி எழுதியிருந்தான். ‘குரலுக்குக் குறைவில்லை. சொற்கள்தான் வாயில் பஞ்சு வைத்ததுபோல் வருகின்றன. பாடுகிற மொழி மீது இவருக்கு அக்கறை உண்டா என்றே சந்தேகமாக இருக்கிறது.’

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்த அம்மாளே எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

எங்களைத் தேடி நோயாளி யாரும் வருவதில்லை. அதனால் கீழே இருக்கும் தையல்கடைக்கு வழி கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத பருத்திப் புடவை, தோளில் பை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்று சொல்லிக்கொண்டு, டாக்டர் கொடுத்த சீட்டை நீட்டினார். அதில் எங்கள் நம்பர் இருந்தது, முந்நூற்றுப் பதினேழு. ‘பொருத்தம் சரியாக இருக்கிறது, பேச்சுதான் தடுமாறுகிறது, நேரில் பேசவைத்துப் பார்க்கவும்’ என்று கீழே எழுதியிருந்தார்.

"மேல்வரிசை முழுக்க எடுத்தாச்சு. செட் போட்டு ரெண்டு மாசம் ஆகுது. பழகப் பழகச் சரியாயிடும்னு நினைச்சேன்" என்றார். ச வருகிற இடமெல்லாம் மழுங்கித்தான் கேட்டது. பிறகு பைக்குள் கையைவிட்டு, நாலாக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "சரியாகலைன்னு இவர் எழுதின பிறகுதான் புரிஞ்சது."

என் கொழுந்தன் அதைப் பார்த்தான். கையில் இருந்த மெழுகுக் கத்தி அப்படியே நின்றுவிட்டது.

"மொழி மேல அக்கறை இல்லைன்னு எழுதிட்டாரே, அதான் தாங்கலை" என்றார் டீச்சர். "ஒவ்வொரு பாட்டையும் முதல்ல நோட்டுல எழுதி, அர்த்தம் புரிஞ்ச பிறகுதான் வாயில எடுப்பேன். வர்ற வெள்ளிக்கிழமை மறுபடியும் பாடறதா இருந்தது, வேண்டாம்னு சொல்லிட்டேன். இனிமே பாட்டு போதும். வகுப்புல பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி பேசினா போதும்மா. அதுக்கு மட்டும் சரி பண்ணிக் குடுங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு அவர்மீது இரக்கம் வரவில்லை. என் கொழுந்தன் விழிப்பதைப் பார்த்து உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது. தான் செய்த பல்லையே தான் திட்டி எழுதியிருக்கிறான்! பத்து வருஷத்துக்கு இதை வைத்தே அவனை ஓட்டலாம். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி, வேலை நோட்டை எடுத்துப் புரட்டினேன். முந்நூற்றுப் பதினேழுக்கு நேரே அவன் கையெழுத்து இருக்கும், அதை அவன் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும் என்பதுதான் திட்டம்.

நோட்டில் இருந்தது என் கையெழுத்து.

தேதியைப் பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. அன்று நாங்கள் ஒரு நாவலின் முடிவுக்காகச் சண்டை போட்டோம். முந்நூறு பக்கம் மாமியாருக்கு வாய் திறந்து பதில் சொல்லாத ஒருத்தி, கடைசியில் ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டு ரயிலேறிப் போகிறாள். சரியான முடிவு என்றேன் நான். எழுதினவருக்கு அலுத்துவிட்டது, அதனால் ரயிலேற்றிவிட்டார் என்றான் அவன். பிளாஸ்டர் இறுகியது, நாங்கள் நிறுத்தவில்லை. பல் அடுக்கினேன், பேசினேன். செட் வெந்நீரில் வெந்து இறுகி வந்தது, பேசினேன். முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் உட்காரும் தகட்டைத் தேய்த்து மெல்லிசாக்க வேண்டும், நாக்கு தொட்டுப் பேசுகிற இடம் அதுதான். மோட்டார் ஓடினால் பேச்சு கேட்காது என்று, ஓரத்தை மட்டும் தேய்த்து மெருகு போட்டு அனுப்பிவிட்டேன். சண்டையில் ஜெயித்தேனா என்பதுகூட இப்போது ஞாபகம் இல்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் எழுந்து நின்றான். "டீச்சர், இதை எழுதினது நான்தான். அக்கறையைப் பத்தி நான் எழுதியிருக்கக் கூடாது. நீங்க என்ன நினைச்சுப் பாடினீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அவன் நிறுத்தவில்லை. "இந்தப் பல்லும் நான் செஞ்சதாத்தான் இருக்கும். தப்பு ரெண்டும் என்னோடது."

நோட்டு என் கையில் இருந்தது. மூடி அலமாரியில் வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு நிமிஷம் மூடத்தான் நினைத்தேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

"இல்ல டீச்சர், பல்லு நான் செஞ்சது" என்றேன். "தேய்க்க வேண்டிய இடத்தைத் தேய்க்கலை. தம்பிகிட்ட ஒரு நாவலைப் பத்திப் பேசிக்கிட்டே வேலையைக் கோட்டை விட்டுட்டேன். உங்க நாக்கு மேல ஒரு குறையும் இல்ல."

செட்டைக் கழற்றித் தரச் சொல்லி, இடுக்கிக் கருவியில் வைத்துத் தகட்டின் தடிமனை அளந்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது. அவரிடமே காட்டினேன். கணக்கு டீச்சருக்கு அதை விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

"ரெண்டு மடங்கு" என்றார், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. கண் கலங்கியிருந்தது. "நான் என்னமோ வயசாயிடுச்சு, நாக்கு தடிச்சுப்போச்சுன்னு நினைச்சு... ரெண்டு மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு ச, ச, சன்னு சொல்லிப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு கேள்விதான் கேட்டார்: "அது எந்த நாவல்?"

சொன்னேன்.

"படிச்சிருக்கேன். முடிவு தப்பு."

"அப்படிச் சொல்லுங்க டீச்சர்!" என்று துள்ளினான் கொழுந்தன்.

"நீங்க சொல்ற காரணத்துக்கு இல்ல தம்பி. அவ வீட்டை விட்டுக் கிளம்பறது ஆறரைக்கு. ஸ்டேஷன் மூணு மைல். கையில பெட்டி, விந்தி விந்தி நடக்கறவ. ஏழு மணி வண்டியை எப்படிப் பிடிச்சிருப்பா? கணக்கு ஒத்துவரலை. நான் அந்தப் பக்கத்தோட மூடி வச்சுட்டேன்."

இத்தனை வருஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாத விஷயம். நான் சிரித்த சிரிப்பில் மூக்குமூடி நழுவி விழுந்தது. கொழுந்தன் அவருக்குக் காபி கலந்து, ஆற்றிக் கொடுத்தான். நான் மோட்டார் முன்னால் உட்கார்ந்தேன். அன்று அரை மணி நேரம் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. தேய்ப்பதும் அளப்பதுமாக ஒன்றரைக்குக் கொண்டுவந்து, மெருகு போட்டு, கழுவிக் கொடுத்தேன்.

டீச்சர் திரும்பி நின்று மாட்டிக்கொண்டார். முதலில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சக்கரம், சங்கு, சதுரம், சமன்பாடு. அப்புறம் எங்களைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

அந்தத் தூசி அறைக்கு இவ்வளவு நல்ல குரல் அதிகம்தான். சொல் ஒவ்வொன்றும் தெளிவாக வந்து விழுந்தது. கீழே தையல் மெஷின் நின்றுவிட்டது. இதையா பாட்டு போதும் என்று ஒதுக்கிவைக்க இருந்தார் என்று நினைத்தேன்.

முடித்துவிட்டு நேரே கொழுந்தனைக் கேட்டார். "இப்போ சொல்லுங்க. எப்படி இருந்தது?"

அவ்வளவு நோகடித்த பிறகு, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வார்த்தை ஒண்ணுகூட விடாம கேட்டுது டீச்சர். எழுதினது தப்புன்னு ஞாயிற்றுக்கிழமை எழுதிடறேன்" என்றான். கொஞ்சம் தயங்கினான். "ஆனா மேல போறப்ப சுருதி ஒரு இழை இறங்குது."

இடுக்கியைத் தூக்கி அவன் தலையில் போடலாமா என்று வந்தது எனக்கு.

டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா, இறங்கும்! இருபது வருஷமா அங்கதான் இறங்குது" என்றார். "அது பல்லு இல்ல தம்பி, அது நான். அதோட நான் மல்லுக்கட்டிக்கிறேன்."

பையிலிருந்து போனை எடுத்து நூலகத்துக்குப் போட்டார். "நான்தான் பேசறேன். வெள்ளிக்கிழமைக்கு என் பேரை அடிச்சிட்டீங்களா? அடிக்கலையா? அப்ப அப்படியே இருக்கட்டும்" என்றார்.