குளிர் நல்லது என்று சொன்னவள்

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து பிறந்தது. பிழையைச் செய்தவள் என் சிநேகிதி பேர்ணடெற். கனடாவில், ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் இருந்துகொண்டு, விமானம் மட்டுமே போகும் வடக்குப் பூர்வகுடி ஊர்களுக்குத் தொலைபேசியில் நீரிழிவுச் சுயபராமரிப்பு சொல்லிக்கொடுக்கும் தாதி.

'பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு—' வேண்டாம். அங்கே எப்போதும் பனி கொட்டுவதாக எழுதுவது ரொறன்ரோக்காரரின் சோம்பல்.

2

அந்த ஊர்களில் ஒன்றில் இருக்கும் றொபேட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. இடது கால் பெருவிரலில் ஆறாத புண். இரத்தத்தில் சீனி, கனடாக் கணக்கில், பத்துக்குக் கீழே இறங்கினால்தான் கால் தப்பும்.

"ஊசி போடுறியளோ?"

"ஓம் நேர்ஸ், ஒழுங்காப் போடுறன்."

"பிறகேன் சீனி இருபத்திரண்டிலை நிக்குது?"

"உதை மெஷினிட்டைக் கேளுங்கோ. என்னைவிட அதைத்தானே நம்புறியள்."

(அவர் பேசியது ஆங்கிலம். என் கையில் மன்னார்க்காரராகிவிட்டார்.)

"மருந்து பழுதாகேல்லையே?"

"பிளேனாலை இறக்கி ஒரு பகல் முழுக்க வெளியிலை கிடந்தது. மைனஸ் முப்பத்தஞ்சு."

"குளிருக்குள்ளைதானே? நல்லது."

3

அந்த 'நல்லது'தான் பிழை.

இன்சுலின் ஒரு புரதம். மடிப்புக் குலையாதவரைதான் வேலை செய்யும். வெயிலில் கெடும். உறைந்தாலும் கெடும், உருகியபின் பார்வைக்குப் பழையபடி இருக்கக்கூடும். பேர்ணடெற் இதைப் படித்தவள்தான். ஆனால் மன்னார் வெயிலில், அப்பாவின் மருந்தை ஈரமண் பானைக்குள் வைத்துக் காத்த வீட்டில் வளர்ந்தவள். கேடு சூட்டிலிருந்துதான் வரும் என்று உடம்பு நம்பியது.

அவள் மாதாமாதம் நிரப்பும் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: சிகிச்சையைப் 'பின்பற்றுகிறார்', 'பின்பற்றவில்லை'. மூன்று மாதமும் 'பின்பற்றவில்லை' என்று குறித்தாள்.*

* ஆங்கிலத்தில் அது மருத்துவச் சொல். தமிழாக்கிப் பார்த்தேன்: சொல்வழி கேளாதவர்.

4

முடிவு அ: புது மருந்து வருகிறது, புண் ஆறுகிறது. சிநேகிதியைக் காப்பாற்ற எழுதியது. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: கால் போகிறது, பேர்ணடெற் அழுகிறாள். கால் அவருடையது, கதை அவளுடையதாகிவிடுகிறது. அதுவும் வேண்டாம்.

5

பிழையைக் கண்டுபிடித்தவர் றொபேட். வெளியில் குளிரில் கிடந்த மருந்தில் சந்தேகம் வந்து, ஊர் மருந்தகத்தில் புதுக் குப்பி கேட்டு வாங்கிப் போட்டார். சீனி ஒன்பதுக்கு வந்தது. பேர்ணடெற்றை அழைத்தார்.

"எழுதுங்கோ நேர்ஸ். இன்சுலின் உறையக்கூடாது."

"விரல்...?"

"போன கிழமை எடுத்தாச்சு. காலைப் பற்றிப் பிறகு சொல்லுவினமாம்."

"றொபேட், நான்—"

"அந்தப் பெட்டியிலை என்ரை மட்டும் வரேல்லை. இன்னும் பதினொரு பேருக்கு வந்தது. அவைக்கு ஆர் சொல்லுறது?"

அவள் அந்தப் பதினொரு பேரில் முதலாமவரின் எண்ணை அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள். பேர்ணடெற் வாய் திறக்குமுன்னே, கதவைச் சாத்துவதுபோலச் சொன்னாள்:

"ஓம், ஓம். ஒழுங்காத்தான் போடுறன்."

அடுத்த வாக்கியம் பேர்ணடெற்றுடையது. மூன்றுதரம் எழுதி, மூன்றுதரமும் அடித்துவிட்டேன். அந்தப் பெண் இன்னும் தொலைபேசியை வைக்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.