பதினேழாம் நம்பர்

“பதினேழு!” என்றாள் விஜயராணி. அதே மூச்சில் “பதினெட்டு!” என்றும் சொன்னாள். பதினெட்டு அவள் நம்பர். பதினேழு அவள் புருஷன் புகழேந்தியுடையது. அவன் அருவிப் பக்கமே இல்லை. முக்கால் மணி நேர நடைக்குக் கீழே, காட்டுப் பாதையில், ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தான்.

சூப்பர்வைசர் சிங்காரவேலு பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ஆள். சேதராப்பட்டு சோப்புக் கம்பெனியில் ஷிஃப்டுக்கு ஆள் எண்ணுவது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்கு வந்த இடத்திலும் இருபத்திரண்டு பேருக்கும் நம்பர் கொடுத்துவிட்டார். ஆனால் நம்பரைக் கேட்பாரே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார். கம்பெனியில் ஒருவர் கேட்டிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தால், பக்கத்தில் நிற்பவர் அவர் நம்பரையும் சேர்த்துச் சொல்லிவிடுவது வழக்கம். அவரும் வந்துவிடுவார். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை.

“இருபத்திரெண்டு. சரியா இருக்குது. போய்க் குளிங்கப்பா.”

மலை ஏறும்போது, மற்றவர்கள் முன்னால் போய்விட, இரண்டாவது வளைவிலேயே புகழேந்திக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான்.

“இன்னாங்க பண்ணுது?”

“கேஸுதான் ராணி. புளிசோறு ஜாஸ்தியாப் போச்சு. நீ போ, பத்து நிமிசத்துல வந்துர்றேன்.”

“நானும் ஒக்கார்றேன்.”

“ரெண்டு பேரு கொறஞ்சா அந்தாளு மொத்த கூட்டத்தயும் திருப்பி இட்டாந்துடுவாரு. எல்லாரும் ஆசயா வந்துக்குறாங்க. அடுத்த வாரம் கம்பெனில மெடிக்கல் செக்கப்பு வேற. இது தெரிஞ்சா என்னை நிறுத்திடுவானுங்க. என் நம்பரயும் நீயே சொல்லிடு.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவள் மேலே ஏறினாள்.

பாறைக்கு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள் குளித்தார்கள். “எங்கடி உன் வூட்டுக்காரரு?” என்று ஆரோக்கியம் கேட்டாள். பேக்கிங்கில் பக்கத்து மேஜைக்காரி.

“அந்தப் பக்கம்.”

ஆரோக்கியம் கையைப் பிடித்து இழுத்ததில் விஜயராணியும் நனைந்தாள். கண் மட்டும் பாதையை விட்டு நகரவில்லை. பத்து நிமிஷம் போனது. அரை மணி போனது. போனில் டவர் இல்லை. இப்போது சொன்னால் எல்லோரும் ஓடுவார்கள். அவன் பாட்டுக்கு மெதுவாக ஏறி வந்து, மானத்தை வாங்கிட்டியே என்பான். இன்னும் ஐந்து நிமிஷம் பார்க்கலாம். அந்த ஐந்து நிமிஷத்தை அவள் எத்தனை தடவை சொல்லிக்கொண்டாளோ. கடைசியில் கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுத் தனியாகவே இறங்கினாள். பாதி தூரம் நடை, மீதி ஓட்டம்.

விட்ட இடத்தில் அப்படியே இருந்தான். பின்னாலிருந்த மரத்தில் சாய்ந்து, செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்திருந்தான். மடியில் பை. கன்னத்தில் ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை.

“ஏங்க... ஏங்க!”

அவள் கத்தின கத்தலில், அவளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். “மேல நல்லாத்தான இருந்தாரு! நம்பர் சொன்னாரே!” என்று சிங்காரவேலு தலையில் அடித்துக்கொண்டார். விஜயராணி குனிந்து அவன் கன்னத்து எறும்பைத் தட்டிவிட்டாள். புடவையில் தூளி கட்டித் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், “கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா...” என்று ஆரம்பித்தவர், அவளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை அவர்கள் ஊரான கரியமாணிக்கத்தில், வாசல் பந்தலுக்குக் கீழே புகழேந்தியைக் கிடத்தியிருந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் சிங்காரவேலு சொல்லிக்கொண்டிருந்தார்: “அருவில ஆசதீரக் குளிச்சாருங்க. நம்பர் கேட்டப்ப பதினேழுன்னு சத்தமாச் சொன்னாரு. எறங்குறப்பதான் இப்பிடி...” ஒவ்வொரு தடவையும் அந்தப் பதினேழு கொஞ்சம் சத்தமாகிக்கொண்டே போனது. அவர் தெரிந்து பொய் சொல்லவில்லை. அதுதான் விஜயராணியால் தாங்க முடியவில்லை.

“நாப்பத்தஞ்சு வயசுக்கு ஒரு அருவி பாத்ததில்ல எம்புள்ள. ஒரு மாசமா அதே பேச்சுதான்,” என்று அழுதாள் புகழேந்தியின் அம்மா கலியம்மாள். “குளிச்சானா?” என்று சிங்காரவேலுவைத் திரும்பவும் கேட்டாள்.

“குளிச்சாரும்மா.”

“அவன் தொடச்ச துண்ட எடுத்தாறேன். மேல போத்தணும்.”

விஜயராணி எழுந்து போவதற்குள் கலியம்மாள் தோட்டத்துக் குழாயடியில் நின்று பையைத் திறந்துவிட்டாள். சனிக்கிழமை சாயந்திரம் கலியம்மாளே நாலாக மடித்து வைத்த துண்டு. அதே மடிப்பு. உள்ளே சொருகிய சோப்பின் உறைகூடப் பிரிக்கவில்லை. கலியம்மாள் துண்டை முகத்தில் வைத்துப் பார்த்தாள்.

“அத்த, அவரு மேல வரவே இல்ல. நம்பர நாந்தான் சொன்னேன். நாந்தான் அவர தனியா வுட்டுட்டேன் அத்த...”

கலியம்மாள் பிரிக்காத சோப்பைத் திரும்பப் பைக்குள் போட்டாள். மருமகளைப் பார்க்கவில்லை.

“கலியம்மா, துண்டு எங்க?” என்று வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கூடவே சிங்காரவேலுவின் குரலும் கேட்டது, புதிதாக வந்த யாருக்கோ முதலிலிருந்து.

கலியம்மாள் துண்டை உதறி மடிப்பைக் கலைத்தாள். பக்கெட்டுத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். ஒரு முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு மறு முனையை விஜயராணியிடம் நீட்டினாள்.

“புடி,” என்றாள். “நல்லாப் புழி.”

இருவரும் ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினார்கள். தண்ணீர் இரண்டு பேர் காலிலும் கொட்டியது.