துக்க வருஷம்

எச்டிஎம்ஐ ஒயரைப் பிடுங்கி மறுபடியும் செருகினான் மகிழன். திரையில் வெறும் நீலம்தான் வந்தது. மேஜைக்கடியில் முட்டி போட்டு உட்கார்ந்ததில் கறுப்புப் பேன்ட் முழுக்கக் கார்ப்பெட் பஞ்சு.

"ரெண்டாவது போர்ட்ல போட்டுப் பாரு மகி," என்றாள் பிரீத்தி. மகிழனின் மனைவி ரெமெடியோஸிடம் நான்கு வருஷம் ஆடக் கற்றவள். போன சனிக்கிழமை கிளாஸ் நடுவே ரெமெடியோஸ் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவளைத் தாங்கிப் பிடித்தவளும் இவள்தான். "நேத்து வீட்ல டெஸ்ட் பண்ணேன், நல்லாத்தான் ப்ளே ஆச்சு."

பத்தடி தள்ளித் திறந்த பெட்டிக்குள் ரெமெடியோஸ் படுத்திருந்தாள். முப்பத்து மூன்று வயது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். காலையிலிருந்து மகிழன் அந்தப் பக்கம் போகவில்லை. ஒயரைச் சரிசெய்ய முடியும் என்பதால் ஒயரோடு இருந்தான்.

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரைதான் ஃப்யூனரல் ஹோமின் அந்த ஹால் அவர்களுக்கு. பிறகு கல்லறைக்குக் கிளம்ப வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் கேட்டதெல்லாம் ஏழு நிமிடம். ஆபீஸ்காரர்கள், தமிழ் மன்றத்துக்காரர்கள் என்று எண்பது பேர் வருவார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவள் மகிழனுடைய ஸ்பானிஷ் வைஃப். சனிக்கிழமை ஏதோ கிளாஸ் எடுப்பவள். ஒரே ஒரு தடவை அவள் யார் என்று அவர்கள் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுப் புதைக்கட்டும்.

ஸ்பெயின் தெற்கில் ஜெரெஸ் அவள் ஊர். ஜிப்சிக் குடும்பம். தாத்தா பாடகர், அத்தைகள் ஆடினார்கள், அண்ணன் தியேகோ கிதார். ஐந்து வயதில் சமையலறை மேஜை மேல் ஏற்றி ஆட விட்டார்களாம். பதினாலில் மேடை. இருபத்தொன்றில் ஒரு குழுவோடு ஜப்பான் முழுக்கச் சுற்றினாள். இருபத்து நான்கில் நியூ ஜெர்சிக்கு ஆட வந்தபோது அந்தத் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் மாணவனாக மகிழன் நின்றிருந்தான். கல்யாணச் செய்தி சொந்த ஊரான கோபிக்குப் போனதும் பெரியப்பா போனில், "ஜிப்சின்னா நம்மூர்ல யாருன்னு தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மகிழனின் வேலைக்காகக் குடிவந்த சான்டா கிளாராவில் அவளுக்குக் கிடைத்தது ஷ்யாமளா ஆன்ட்டியின் பரதநாட்டிய ஹாலில் சனிக்கிழமை இரண்டு மணி நேரம். அவள் ஷூவின் குதியில் அடித்திருந்த ஆணிகள் தரையைக் கீறுகின்றன என்று ஆன்ட்டி வருத்தப்பட்டார். மகிழன் பிளைவுட் பலகை வாங்கி, காரில் நுழைகிற அளவுக்கு அறுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அதன் மேல் நின்று ஆடிவிட்டு, திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அப்புறம்தான் சான் ஃபிரான்சிஸ்கோ தியேட்டர் ஒன்று அவளைக் கூப்பிட்டது. ஆறு ஷோ. அவள் பெயர் மட்டும் போட்டு. போஸ்டர்கூட அச்சாகிவிட்டது. ஷோவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஜெரெஸில் அவள் அப்பா போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தவள் தியேட்டருக்கு இரண்டு வரி மெயில் போட்டாள். கிளாஸை மூடினாள். ஷூவைத் துணியில் சுற்றி மேலே வைத்தாள். ஒரு வருஷம் வீட்டில் பாட்டு கிடையாது, காரில் ரேடியோ கிடையாது. அவர்கள் வீட்டு வழக்கம் அது.

அந்த வருஷம் மகிழன் அவளோடு போட்டது பெரிய சண்டை. "உங்கப்பா செத்தது அங்க. இங்க நீ ஆடினா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றாள்.

தியேட்டர்காரர்கள் பிறகு கூப்பிடவே இல்லை. கிளாஸுக்குத் திரும்பி வந்தவர்கள் ஐந்து பேர்.

ஆக, அவனுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அவள் ஆடிய வீடியோவைப் போடலாம் என்று பிரீத்தி ஆரம்பித்தபோதே அந்த வருஷம் ஞாபகம் வந்தது. ஆடத்தானே கூடாது, பார்ப்பதற்கு என்ன என்று சொல்லிக்கொண்டான். நேற்று விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்த மாமியார் அமாலியாவிடமும் தியேகோவிடமும் அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

"வந்துடுச்சு," என்றாள் பிரீத்தி. திரை பிடித்துக்கொண்டது.

ஹால் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் கறுப்பு உடுப்பில் அமாலியாவும் தியேகோவும். இந்தப் பக்கம் மகிழனின் அம்மா வசந்தாமணி. மகனைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்தவர், மருமகளை வழியனுப்ப உட்கார்ந்திருந்தார்.

"சாமி, வந்து உக்காரு கண்ணு. அந்த ஒயர அவிங்க பாத்துக்குவாங்க."

"இரும்மா."

பிரீத்தி மைக்கில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு விளக்கை மங்கவைத்தாள்.

திரையில் ரெமெடியோஸ் நின்றாள். பிளைவுட் பலகை இல்லாத மேடை, நல்ல மரத் தரை. கை மெல்ல மேலே போயிற்று. ரொம்ப நேரம் எதுவும் செய்யவில்லை. பிறகு குதி ஒரு தடவை தரையில் விழுந்தது. ஹாலின் பின்வரிசையில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர் தலை தூக்கினார். அடுத்தது, அதற்கடுத்தது. கால்கள் வேகம் பிடித்தன. மேலே கைகள் அவசரமே இல்லாமல் இருந்தன.

"ஐயோ, இவ்ளோ பெரிய டான்சரா இவங்க?" என்று யாரோ ஒரு பெண் கிசுகிசுத்தாள். "நம்ம பொங்கல் ஃபங்ஷனுக்கு சமோசா எடுத்துட்டு வந்தாங்களே?"

மகிழனுக்கு அது போதுமாக இருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி.

முன்வரிசையில் அமாலியா இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார். ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து. அழுகை என்று சொல்ல முடியாது. தியேகோ எழுந்து, யாரையும் பார்க்காமல், மேஜைக்கு நடந்து வந்து ஒயரை உருவினான்.

கால் சத்தம் பாதியில் நின்றது. திரை நீலமாயிற்று.

மகிழனின் ஆபீஸ்காரர் ஒருவர் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் தட்டினார்கள். பிறகு யாரும் தட்டவில்லை.

"மகி, என்ன ஆச்சு? அவங்ககிட்ட சொல்லு," என்றாள் பிரீத்தி. குரல் உடைந்திருந்தது. "தப்பா எதுவும் போடலையே. ரெண்டு நாள் உக்காந்து எடிட் பண்ணேன் மகி."

வசந்தாமணி எழுந்து வந்துவிட்டார். "புள்ள ஆடுறதப் பாக்கக்கூட உட மாட்டாங்களா? இப்படியும் ஒரு சனமா?"

"அம்மா, சும்மா இரு."

"நான் என்னத்தடா சொல்லிப்போட்டேன்? நாலு பேரு பாத்தா அவளுக்குத்தான பேரு."

அதையேதான் அவனும் நினைத்தான். அம்மாவின் வாயில் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. தியேகோ பக்கக் கதவு வழியாக வெளியே போவது தெரிந்தது. மகிழன் பின்னாலேயே போனான்.

தியேகோ ரெஸ்ட்ரூமில் வாஷ்பேசின் முன்னால் நின்றிருந்தான். குழாய் திறந்திருந்தது. அவனுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வரும். மகிழனின் ஸ்பானிஷும் அப்படித்தான். இரண்டையும் கலந்துதான் எப்போதும் பேசிக்கொள்வார்கள்.

"ரெண்டு நிமிஷம்தான் ஓடுச்சு," என்றான் மகிழன். "இன்னும் அஞ்சு நிமிஷம். உங்களால பொறுத்துக்க முடியலையா?"

தியேகோ கண்ணாடியில் அவனைப் பார்த்தான்.

"இந்த ஊர்ல அவளை யாருக்கும் தெரியாது தியேகோ. ஒருத்தருக்கும் தெரியாது. இன்னிக்கு விட்டா அப்புறம் எப்ப?"

"வீடியோவை வெச்சுக்கோ. அழிக்கச் சொல்லல," என்றான் தியேகோ. "அம்மா இருக்கற எடத்துல வேணாம்."

"உங்க துக்கத்தாலதான் அவ ஷோ போச்சு. அது தெரியுமா உனக்கு? ஆறு ஷோ. அதுக்கப்புறம் அவளை யாரும் கூப்பிடல. இருந்த ஒரே சான்ஸ்."

"தெரியும். எனக்கு போன் பண்ணா."

"என்ன சொன்னா?"

"நீ கோவமா இருக்கேன்னு சொன்னா." தியேகோ குழாயை மூடினான். "அப்பாவுக்கு அவ ஒரு வருஷம் கொடுத்தா. அவளுக்கு யாரு கொடுக்கறது?"

ஹாலில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நெயில் கட்டர் இருக்கா?" என்றான் தியேகோ.

மகிழனுக்குப் புரியவில்லை. தியேகோ வலது கையை நீட்டிக் காட்டினான். இடது கை நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. வலது கையில் ஐந்தும் நீளமாக, கம்பியை மீட்டுவதற்காகப் பசை தடவிக் கெட்டியாக்கிய நகங்கள்.

"அடுத்த மாசம் உனக்கு செவில் ஊர்ல கிதார் ரெக்கார்டிங் இருக்குன்னு அவ சொன்னாளே?"

"வேற ஆள் வாசிப்பான்."

மகிழன் கார் சாவியை எடுத்தான். கொத்தில் நெயில் கட்டர் தொங்கியது. தியேகோ அதை இடது கையில் வாங்கி, பேசின் மேல் குனிந்து சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்தான். அவசரப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு சத்தம் வந்தது. நான்கு முடிந்தன. கட்டை விரல் நகத்தில் பசை தடிமனாக இருந்தது. இரண்டு தடவை அழுத்திப் பார்த்தான். கட்டர் வழுக்கிக்கொண்டு போயிற்று.

கதவு லேசாகத் திறந்தது. ஃப்யூனரல் ஹோம் ஆள் தலையை நீட்டி, "வி ஆர் ரெடி, சார்," என்றார்.

"ஒன் மினிட்," என்றான் மகிழன்.

கதவு மூடியது. அவன் தியேகோவின் கையைத் தன் இடது கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினான். கட்டரை ஓரத்தில் வைத்து, சதையில் படாமல், கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு வந்தான்.