காது விழுந்த விரிப்பு

என் ஓரகத்திக்கு எல்லாம் சீக்கிரம் வரும். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அடுப்படியில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று எனக்கே எடுத்துக் கொடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். அவளை லாண்டரி வேலையில் சேர்த்துவிட்டவள் நான்தான். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

அது பெரிய லாண்டரி. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வேன் வேனாக வரும் துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துத் திருப்பி அனுப்புவார்கள். எங்கள் இடம் ரோலர். கொதிக்கக் கொதிக்க உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். முன்னால் ஓடுகிற பெல்ட்டின் மேல் ஈர விரிப்பை வைத்தால் மெஷின் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் மொடமொடவென்று காய்ந்து வெளியே வரும். வைப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். இடது முனை நான், வலது முனை அவள். இருவரும் ஒரே நேரத்தில், ஒரே இறுக்கத்தில் இழுத்துப் பிடித்து விட வேண்டும். ஒருத்தி முந்தினாலும் போச்சு, தளர்த்தினாலும் போச்சு. விரிப்பு கோணலாகப் போய், மூலை மடிந்து வெளியே வரும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் காது. காது விழுந்ததை மறுபடி நனைத்து மறுபடி விட வேண்டும். அந்தப் பக்கம் நின்று மடிக்கிற பெண்கள் "காது" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். கொட்டகை முழுக்கக் கேட்கும்.

எங்கள் ஜோடிக்குக் காது விழாது. வேறு ஜோடிகளைத் திட்டும்போது சூப்பர்வைசர் எங்களைத்தான் கை காட்டுவார். அவள் வருவதற்கு முன்னால் எனக்குக் காது விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அப்போது என்னோடு நின்றவள் சரியில்லாதவள் என்பது ஊரறிந்த விஷயம். குறைந்தபட்சம் நான் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன். கை பழகியவள் நான். ஓரகத்தி என் பக்கத்தில் நின்று பழகிக்கொண்டவள்.

ரோலருக்கு ஒரு இன்சார்ஜ் இருந்தார். அவருக்கு ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு ஃபேன், எதிரே பொத்தான்கள் வைத்த பேனல். துணிக்கு ஏற்றபடி சூட்டைக் கூட்டிக் குறைப்பது, பெல்ட் ஓட்டத்தைப் பார்ப்பது, யார் எங்கே நிற்பது என்று சொல்வது அவர் வேலை. நாங்கள் ஆவியில் வெந்துகொண்டு நிற்கும்போது அவர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் முழங்கால் அந்த நாற்காலியைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் வேலையை விட்டு மகள் வீட்டுக்குப் போகிறார் என்று தெரிந்ததும், அந்த நாற்காலி எனக்கென்றே காலியாகிறது என்று நினைத்தேன்.

ஓரகத்தியும் அதைத்தான் நினைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். டீ நேரத்தில் நாங்கள் எல்லோரும் காலை நீட்டி உட்காரும்போது அவள் மட்டும் டம்ளரும் கையுமாக மெக்கானிக் பின்னால் போவாள். அவர் பெல்ட் மாற்றினால் டார்ச் பிடிப்பாள்.

"மெக்கானிக்குக்கு நீ என்ன வேணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லக்கா. அந்த மெஷின் ஏன் தெனமும் மத்தியானம் மட்டும் சூடு இறங்குதுன்னு கேட்டேன்."

"இறங்கினா இறங்கிட்டுப் போகுது. உன் சம்பளமா இறங்குது?"

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ மெஷின் பராமரிப்பு வகுப்பு என்று பஸ் பிடித்துப் போனாள். அவள் துவைக்க வேண்டிய துணியை அன்றைக்கு என் கொழுந்தன் துவைத்தான். "பொண்டாட்டி படிக்கப் போறா, புருஷன் துவைக்கப் போறான்" என்று நான் அத்தையிடம் சொன்னேன். அத்தை சிரிக்கவில்லை. "படிக்கட்டும், என்ன இப்போ" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

சும்மா எரியவில்லை. நானும்தான் படித்தேன். என் மகள் பள்ளிக்கூடத்தை முடித்த பிறகு, நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில், சாயங்கால வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஏன் வந்தீர்கள் என்று டீச்சர் கேட்டபோது ஒருத்தர் பேப்பர் படிக்க என்றார், ஒருத்தர் பேரனுக்குக் கதை சொல்ல என்றார். எனக்குக் காரணம் அந்தப் பேனல். அதில் ஓடுகிற எழுத்தை ஓரகத்தி எட்டிப் பார்த்து, "சூடு பத்தாதுன்னு போட்டிருக்குக்கா" என்று எனக்குச் சொல்வது பொறுக்கவில்லை. இதை டீச்சரிடம் சொல்ல முடியுமா? நானும் பேப்பர் படிக்கத்தான் என்றேன்.

சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நீங்க ரெண்டு பேருந்தான் மனசுல இருக்கீங்க. பேனலைப் போட்டுக் காட்டணும். அப்புறம் விரிப்பு விடணும். ஆனா சேர்ந்து இல்ல. ஜோடி நான் குடுப்பேன். ரெண்டு பேருக்கும் ஒரே ஆளு."

அவர் கொடுத்த ஆள், அழுக்குத் துணி பிரிக்கிற இடத்தில் வேலை செய்த ஒருத்தி. என் வயது இருக்கும். நடக்கும்போதே துள்ளுவாள், ஸ்பிரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். ரோலர் பக்கம் வந்ததே இல்லை.

வீட்டில் அன்றைக்கு இருவரும் ஒன்றாகத்தான் சமைத்தோம், ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு. அத்தை அடுப்படி வாசலில் நின்று, "யாருக்குக் கெடைச்சா என்ன, நம்ம வீட்டுக்குத்தானே வருது" என்றார். எனக்கு அந்த நம்ம வீடு பிடிக்கவில்லை.

சோதனையில் முதலில் நான். பேனலைச் சரியாகப் போட்டேன். எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் போட்டேன், ஆனாலும் சரியாகப் போட்டேன். சூப்பர்வைசர் தலையை ஆட்டினார். பிறகு ஸ்பிரிங்கோடு ரோலருக்கு முன்னால் நின்றேன். முதல் விரிப்பை விட்டோம்.

"காது."

இரண்டாவதும் காது. மூன்றாவதில் இரண்டு பக்கமும் காது. மடிக்கிற பெண்களில் ஒருத்தி, "கம்மல் போட்டு அனுப்புங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏம்மா, ஏன் இப்படி வெடுக்குன்னு இழுக்கற? என் கையைப் பாத்து இழு" என்றேன் ஸ்பிரிங்கிடம்.

"உங்க கையைத்தான் பாக்குறேன். அது எப்போ எந்தப் பக்கம் போகும்னே தெரியலயே."

"என் கை சரியாத்தான் போகுது. பழகாதவளுக்குத் தெரியாது."

"சரி, உங்க கை சரி. என் கை தப்பு. துணியும் தப்பு போல" என்றாள் அவள்.

மறுபடி நனைக்க வேண்டிய விரிப்புகள் என் பக்கத்துத் தள்ளுவண்டியில் குவிந்தன. போதும் என்று சூப்பர்வைசர் கையைக் காட்டினார்.

அடுத்து ஓரகத்தி. நான் தூண் ஓரமாக நின்றேன். ஸ்பிரிங்கோடு மாட்டினால் அவளுக்கும் இதே கதிதான், பார்க்கலாம் என்றுதான் நின்றேன். முதல் விரிப்பில் காது. எனக்கு மனசு குளிர்ந்தது. இரண்டாவதில் பாதிக் காது. அப்புறம் இல்லை. அப்புறம் இல்லவே இல்லை. ஸ்பிரிங் அதே மாதிரிதான் வெடுக்கென்று இழுத்தாள், அதே மாதிரிதான் துள்ளினாள். விரிப்பு மட்டும் கோடு போட்ட மாதிரிப் போனது.

அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். அவள் துணியைப் பார்க்கவில்லை. பெல்ட்டைப் பார்க்கவில்லை. ஸ்பிரிங்கின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மணிக்கட்டு இழுக்கப் போகிற கணத்தில் இவள் கை அந்த அளவுக்கு விட்டுக் கொடுத்தது. அது தளரும்போது இவள் பிடித்தாள்.

அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் அவள் என் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நேராகப் போன ஒவ்வொரு விரிப்பும் அவள் நேராக்கியது. நான் இழுத்த இழுப்புக்கு அவள் வளைந்து கொடுத்ததைத்தான் நான் என் கைநேர்த்தி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். நாற்காலி போனதுகூட அப்போது வலிக்கவில்லை. எனக்கென்று வைத்திருந்த ஒரே பெருமையும் அவள் கையில் இருந்தது. அதுதான் வலித்தது.

நாற்காலி அவளுக்குப் போனது. வீட்டில் கொழுந்தன் வாயெல்லாம் பல்லாக இருந்தான். நான் சமைத்துப் போட்டேன்.

"அக்கா, கோவமா?" என்றாள் அவள், கை கழுவும்போது.

"எனக்கென்ன கோவம்."

"இல்ல, உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. அதான் கேட்டேன்."

வேலையில் அவள் எனக்கு ஸ்பிரிங்கையே ஜோடியாகப் போட்டாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். காது மேல் காது விழுந்தது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எப்படி என்று அவளிடம் கேட்டால் சொல்லிக் கொடுத்திருப்பாள், அதுவும் எனக்குத் தெரியும். கேட்பதற்குப் பதிலாக நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

மொட்டை மாடியில் காய்ந்த போர்வையை மடிக்க என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, "இழுங்க" என்றேன்.

"மடிக்கிறதுக்கு எதுக்கு இழுக்கணும்?"

"சொன்னதைச் செய்யுங்க."

அவர் இழுத்தார். நான் அவர் மணிக்கட்டை உற்றுப் பார்த்தேன்.

"என்னை ஏன் இப்படி முறைக்கிற?"

"உங்க மூஞ்சிய யாரு பாத்தா. கையைத்தான் பாக்குறேன்."

"கல்யாணமான புதுசுலகூட நீ என் கையை இப்படிப் பாத்ததில்ல" என்றார். மறுபடி மடித்தோம், பிரித்தோம், மடித்தோம். அந்தப் போர்வை வருவதற்குள் மற்ற துணியெல்லாம் வெயிலில் கருகிவிடும் என்று கீழே இருந்து அத்தை குரல் கொடுத்தார். அதன் பிறகு துணி எடுக்கும் நேரம் வந்தாலே என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

பார்ப்பது சுலபமில்லை. என் கண் பழக்கத்தில் என் கைக்கே ஓடியது. மணிக்கட்டைப் பார்த்தால் துணி நழுவியது, துணியைப் பார்த்தால் மணிக்கட்டு போய்விட்டது. ஸ்பிரிங் இழுப்பதற்கு முன்னால் ஒரு மூச்சை உள்ளே வாங்குவாள் என்று கண்டுபிடிப்பதற்கே ரொம்ப நாளானது. அதைப் பிடித்த பிறகு காது குறைந்தது. சலித்து, இன்றைக்குப் போதும் என்று தோன்றும்போது திரும்பிப் பார்ப்பேன். ஓரகத்தி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். சலிப்பு பறந்துவிடும்.

"இப்பல்லாம் உங்க கை எங்க போகுதுன்னு நான் பாக்குறதே இல்ல. அதுவா வந்துடுது" என்றாள் ஸ்பிரிங். அவளுக்கு ஏன் என்று சொல்லவில்லை.

ஸ்பிரிங் வேலைக்கு வராத ஒருநாள் ஆஸ்பத்திரித் துணி மலை மாதிரி வந்து இறங்கியது. ஆள் இல்லை. ஓரகத்தி நாற்காலியை விட்டு எழுந்து, சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு, பழைய இடத்தில், என் வலப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாங்கக்கா, பழைய மாதிரி ஓட்டிடலாம்."

பழைய மாதிரி. நான் முனையைப் பிடித்தேன். அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். விட்டோம்.

"காது" என்றது அந்தப் பக்கம்.

எங்கள் ஜோடிக்குக் காது. மடிக்கிற பெண்கள் குனிந்து எட்டிப் பார்த்தார்கள், யார் நிற்கிறார்கள் என்று. ஓரகத்தி முகம் சிவந்தது. அடுத்ததை விட்டோம். நடுவில் தொய்ந்து, மறுபடி காது. நான் இழுப்பேன் என்று அவள் விட்டுக் கொடுத்தாள். அவள் இழுப்பாள் என்று நான் விட்டுக் கொடுத்தேன். பிடிக்க ஆள் இல்லாமல் விரிப்பு மடிந்து போனது.

அவள் கையை நிறுத்தினாள். என் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

"அக்கா, நீங்க என் கையைப் பாக்குறீங்களா?"

"ஏன், நீ மட்டுந்தான் பாக்கணுமா?"

அவள் ஈர விரிப்பின் முனையை மறுபடி எடுத்தாள்.

"ரெண்டு பேரும் பாத்தா நடக்காது. ஒருத்தர் விடணும்" என்றாள்.

"விடு. நீ உன் இஷ்டத்துக்கு இழு. நான் பாத்துக்கறேன்."

அவளுக்கு அது பழக்கமில்லை. தயங்கித் தயங்கி இழுத்தாள். அவள் கை கொஞ்சம் முந்தும், கடைசியில் லேசாகக் கீழே இறங்கும். அதையும் பார்த்தேன். நேராகப் போனது. அடுத்ததும் நேராகப் போனது. அவள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் கையால் போகவில்லை என்று தெரிந்து. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தூண் ஓரமாக நின்றபோது என் முகத்தில் இருந்தது அதுதான்.

"புதுசா ஒரு ரோலர் வருது. அதுக்கு இன்சார்ஜ் யாருன்னு கேட்டிருக்காங்க" என்றாள், என்னைப் பார்க்காமல். "உங்க பேரைச் சொல்லவா?"

அவள் சொல்லி எனக்கு வருவதா?

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சூப்பர்வைசரை எனக்கு ஜோடி குடுக்கச் சொல்லு. யாரை வேணும்னாலும் குடுக்கட்டும்."

அவள் உதட்டைக் கடித்தாள். அடுத்த விரிப்பை ஸ்பிரிங்கைவிட மோசமாக, வெடுக்கென்று இழுத்தாள். நான் கூடவே போனேன். அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.