பத்மாசனி வாகனத்தில் ஏறமாட்டாள்

எங்கள் புளியங்குளத்தில் ஒரு பொம்பிளை காரணமில்லாமல் நடக்க முடியாது. கடைக்கென்றால் பை தெரியவேண்டும், கோயிலுக்கென்றால் அர்ச்சனைத் தட்டுத் தெரியவேண்டும். வெறுங்கையோடு முல்லைத்தீவு வரைக்கும் நடக்கப்போகிறேன் என்று பத்மாசனி சொன்னால் சும்மா விட்டுவிடுவோமா?

அவள் ஒளிக்காமல்தான் சொன்னாள், வேலிக்கு மேலாக, எனக்கும் பக்கத்து வீட்டு நாச்சியாவுக்கும். வவுனியாவில் படிக்கிற பிள்ளைகள் அங்கிருந்து எங்கள் ஊர் வழியாக முல்லைத்தீவுக்கு மூன்று நாள் நடைபயணம் ஒழுங்குசெய்கிறார்களாம். உலகத்தில் எங்கெங்கோ சண்டைக்குள் நின்று செய்தி அனுப்புகிற நிருபர்களுக்கு உதவி சேர்க்கவாம். கடைசிச் சண்டையில் பத்மாசனி முல்லைத்தீவுப் பக்கம் அகப்பட்டிருந்தாள், புருசன் பரமலிங்கம் வவுனியாவில். யாரோ ஒரு நிருபர் பொடியன் அவள் குரலைப் பதிந்து அனுப்ப, அது வானொலியில் போனது. அதைக் கேட்டுத்தான் மனுசி உயிரோடிருப்பது பரமலிங்கத்துக்குத் தெரியவந்தது. அந்தப் பொடியனுக்குப் பிறகு என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரியாது. அவனுக்காக முழுத்தூரமும் காலால் நடப்பாளாம். ஓரடிகூட வாகனத்தில் ஏறமாட்டாளாம்.

நல்ல காரணம். நாங்கள் நம்பவில்லை.

வெயிலில் ஒரு மனுசி அவ்வளவு தூரம் நடந்தால் அது நேர்த்திக்கடன்தான். என்ன நேர்த்தி என்பதில்தான் ஊருக்குள் கருத்து வேறுபாடு. மகனின் கனடா விசாவுக்கு என்றேன் நான். பரமலிங்கத்தாரின் சலரோகத்துக்கு என்றாள் நாச்சியா. அது அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும், அன்றிலிருந்து மனுசன் சீனியில்லாமல் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினார்.

முதல் நாள் காலை வவுனியாவுக்குப் பஸ்ஸில் போனாள், வந்த வழியே நடந்து திரும்புவதற்கு. வழியெல்லாம் மோட்டார் சைக்கிள்கள் நின்று ஏறச்சொல்லி மன்றாடினவாம். ஏ-ஒன்பது வீதியில் தெரிந்தவரை நடக்கவிட்டுப் போவது எங்கள் ஆட்களுக்குப் பழக்கமில்லை. பின்னேரம் அவர்கள் வந்துசேர, கால் கழுவக் குடத்தில் தண்ணீரோடு நின்றோம். பிள்ளைகள் கொண்டுவந்த உண்டியலில் காசு போட்டவர்கள் திருநீற்றுக்குக் கை நீட்டினார்கள். அவர்களின் தலைவன் விஜிதரன் கண்ணாடி போட்ட படித்த பிள்ளை. ஒன்றும் விளங்காமல் ஆளுக்கொரு ஸ்டிக்கர் கொடுத்தான். எதிர்வீட்டு இரஞ்சிதம் அதைக் கொண்டுபோய்ச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள்.

மறுநாள் நெடுங்கேணி வீதி. சாப்பாட்டோடு பரமலிங்கத்தார் உழவு இயந்திரத்தில் பின்னால் போக, நானும் நாச்சியாவும் அது இழுத்த பெட்டியில் ஏறிக்கொண்டோம். உதவிக்குத்தான். என்ன நடக்கிறதென்று பார்ப்பதும் ஒரு உதவிதானே.

காடு தொடங்குகிற இடத்தில் எதிரே வந்தவர் மறித்தார். கூட்டத்தைவிட்டுப் பிரிந்த தனியன் யானை ஒன்று காலையிலிருந்து வீதியோரம் நிற்கிறதாம்.

விஜிதரன் உடனே முடிவெடுத்தான். காடு முடியும்வரை எல்லாரும் பெட்டியில். கால் கொப்பளித்த பிள்ளைகள் யானைக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு ஏறிய வேகத்தைப் பார்க்கவேண்டும். பத்மாசனி மட்டும் தாரில் நின்றாள்.

"நான் ஏறேல்லத் தம்பி."

"கொஞ்சத் தூரம்தானே அன்ரி. ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"நான் கேப்பனே."

அப்படியென்றால் பொறுப்பெடுக்க முடியாது, இத்தோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்றான் அவன். பத்மாசனியின் முகம் சுருங்கிப்போனது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் என் பக்கத்திலிருந்த நாச்சியா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே குதித்தாள்.

"நிய்யத்து வச்சு, நேந்து வெளிக்கிட்ட மனுசியை இடையில வாகனத்தில ஏத்துறதோ? நல்ல படிப்புத்தான் தம்பி படிச்சிருக்கிறியள். அக்கா நடக்கட்டும், நான் கூட வாறன்."

எனக்கு யானைக்குப் பயம். ஆனால் நேர்த்தி முறிந்த பாவம் நானிருக்கும் பெட்டியிலேயே ஏறினால் என்ன செய்வது? நானும் இறங்கினேன். இறங்கியபடியே போன் எடுத்தேன். பத்மாசனியின் நேர்த்தியை யானை மறிக்கிறது என்று நாலு பேருக்குத்தான் சொன்னேன். அது போதும். இரண்டு பக்கத்தாலும் மோட்டார் சைக்கிள்கள் வந்தன, இன்னொரு உழவு இயந்திரம் வந்தது, வயற்காவலுக்குக் கொடுத்த யானைவெடியோடு கமக்காரர் வந்தார்கள். இவ்வளவு சனத்தை எங்கள் தேர்முட்டியில்கூட நான் கண்டதில்லை.

வீதியோரப் பிள்ளையாருக்கு ஆளுக்கொரு கொப்பு முறித்து வைத்தோம், காட்டு வழி போகிறவர் வழமை. நாச்சியா தன் பங்குக்கு அல்லாவிடம் எதையோ முணுமுணுத்துக்கொண்டாள். முன்னுக்கொரு இயந்திரம், பின்னுக்குப் பரமலிங்கத்தார், நடுவில் நாங்கள். பெட்டியிலிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி எங்களோடு சேர்ந்தார்கள்.

வளைவில் நின்றது. வாகைமரத்தின் கீழே, காதை ஆட்டிக்கொண்டு, எங்களுக்காகவே காத்திருந்ததுபோல. முன்னாலிருந்தவர்கள் வெடியைக் கொளுத்தி வானத்தில் எறிந்தார்கள். காடே அதிர்ந்தது. யானை எங்களை ஒருமுறை பார்த்தது, பிறகு இவர்களோடு யார் மாரடிக்கிறது என்பதுபோல் பற்றைக்குள் இறங்கிப் போனது. சனம் சிரிக்கத் தொடங்கியது. எனக்கு ஓடவேண்டும்போல ஒரு உசார்.

அந்த உசாரில் நாச்சியா கேட்டேவிட்டாள்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கோ அக்கா. விசாவுக்கோ, சலரோகத்துக்கோ?"

"அந்தப் பொடியனுக்குத்தான் எண்டு எத்தினை தரமடி சொல்லுறது?"

நீ ஆருடைய பொடியனடா, தாய் தேப்பனிட்டப் போய்ச் சேந்தனியோ என்று கேட்க அவனைக் காணாமல் இவ்வளவு காலமும் மனதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தாளாம். பகிடி விட வாய் திறந்த நான் மூடிக்கொண்டேன்.

பின்னால் இயந்திரம் நின்ற சத்தம் கேட்டது. பரமலிங்கத்தார் ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் கைபிடியைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார். தோட்டத்துக் கிணற்றுக்கே மோட்டார் சைக்கிளில் போகிற மனுசன். மனைவிக்குப் பக்கத்தில் வந்து நடந்தார்.

"இஞ்சேர், அவன் என்ன மாதிரி இருந்தவன்? நான் ஒருநாளும் கேக்கேல்ல."

"மெலிஞ்சவன். சேட்டில ஒரு பொத்தான் இல்லை. கதைச்சு முடிய, அம்மா தண்ணி குடிச்சனீங்களோ எண்டு கேட்டவன். தன்னட்ட இருந்த போத்தலைத் தந்திட்டுப் போட்டான்."

வயது எத்தனை இருக்குமென்று விஜிதரன் கேட்டான். உன்ர வயதுதான் தம்பி என்றாள். அவன் கையிலிருந்த போனைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டு அவளுக்கு மற்றப் பக்கமாக வந்து நடந்தான். அந்தப் பொடியன் எந்த ஊர்ப் பேச்சில் கதைத்தான், எந்தப் பக்கமாகப் போனான் என்று நாங்கள் ஒவ்வொருவராகக் கேட்க, அவள் நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு வந்தாள். காடு முடிந்து நெடுங்கேணி வயல்வெளி தொடங்கியதை ஒருவரும் கவனிக்கவில்லை.